ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாம் நம்பர் தேக்கு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாணிக்கவாசகம் வீட்டில் பணம் கிடைக்கும். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவுரை மட்டும் கிடைக்கும். இரண்டுக்குமே ஜோதிமணி சரஸ்வதிபுரத்து ஹாஸ்டலிலிருந்து குவெம்புநகருக்கு நடந்துதான் போவாள். பஸ்ஸில் போனால் டிக்கெட் காசை நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் அது எந்தக் கட்டத்தில் வரும் என்று பெரியப்பா கேட்பார்.

கட்டங்கள் மூன்று. அத்தியாவசியம், அவசியம், ஆடம்பரம். மாணிக்கவாசகமே ரூல்தடி வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்த நோட்டு அது. துணி சோப்பு அவசியத்தில் இருந்தது. குளிக்கிற சோப்பை ஆடம்பரத்துக்குத் தள்ளிவிட்டார்.

"உங்கப்பன் சென்னப்பன் என்ன சோப்புப் போட்டா குளிச்சான்? கறுத்தா போயிட்டான்?"

"கறுப்பாத்தானுங்க பெரியப்பா இருக்காரு."

சமையலறையில் பெரியம்மா மாரியம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கினால் அந்த அம்மாளுக்குக் கையில் பிடி தளர்ந்துவிடும்.

மாணிக்கவாசகம் சாதாரண ஆள் இல்லை. சொந்த ஊரான ராமாபுரத்தில் பேண்டுக்குள் சட்டையை விட்ட முதல் மனிதர். மைசூருக்கு வந்து அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக நுழைந்து சூப்பிரண்டு நாற்காலி வரை ஏறியவர். சிறுசேமிப்பு வாரத்தில் நன்றாகப் பேசியதற்காக அலுவலகத்தில் கொடுத்த கேடயம் டி.வி. பெட்டிக்கு மேலே நிற்கும். டி.வி.யை அதிகம் போடுவதில்லை, கேடயத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளம் கண்டால் ஸ்கூட்டர் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே போவார். மைசூரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று மாநகராட்சிக்குக் கூட அவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

அவருக்குத் தம்பி முறையாக வேண்டும் சென்னப்பன். மலையடிவாரத்தில் முக்கால் ஏக்கர் முசுக்கொட்டைத் தோட்டம், ஒரு புழு மனை. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் சம்பளத் தேதி கிடையாது. புழு கூடு கட்டி, கொள்ளேகால் மார்க்கெட்டில் ஏலம் போனால்தான் காசு. அதுவும் மொத்தமாக வரும், அப்புறம் இரண்டு மாசத்துக்கு வராது. தொண்ணூற்று நாலு ஜூனில் நல்ல கூடு அமைந்தது. சென்னப்பன் மகளை பி.காம். சேர்த்துவிட்டு, மூவாயிரத்து அறுநூறு ரூபாயை மஞ்சள் பையோடு அண்ணன் கையில் கொடுத்தான்.

"மாசம் முந்நூத்தி அறுவது குடுத்துருங்கண்ணா. பத்து மாசத்துக்கு ஆச்சு. புள்ள கையில மொத்தமாக் குடுத்தா பயமா இருக்குது."

"பணம் இனி உன் கவலை இல்லை, சென்னப்பா. டிசிப்ளின் என் பொறுப்பு" என்றார் மாணிக்கவாசகம்.

ஐந்து மாதம் ஒழுங்காகத்தான் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் உறைக்குள் போட்டு, உறையின் மேல் மாதத்தின் பெயர் எழுதி, முக்கால் மணி நேரம் பேசி முடித்தபின் கொடுத்தார். ஹாஸ்டல் மெஸ்ஸில் மாதக் கடைசியில் அரிசி, காய், விறகு, சமையற்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட நாட்களுக்கு வகுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து, பதினொரு ரூபாய் விழும். தொடர்ந்து மூன்று நாள் இல்லையென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்கள் கழியும். மற்றப் பெண்கள் மெஸ் சாம்பாரை ஒதுக்கிவிட்டு அக்ரகாரத்துப் பக்கம் மசால் தோசைக்குப் போனார்கள். மெஸ் கணக்கும் ஓடும், தோசைக் கணக்கும் ஓடும். ஜோதிமணி மெஸ் சாம்பாரையே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வகுத்த கணக்கில் தன் பங்கு வயிற்றுக்குள் வந்து சேர வேண்டும் என்பது அவள் கட்சி.

சோற்றைத் தவிரக் கையில் நிற்கும் காசையும் அவள் தொடவில்லை. அது அவளாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை, புழு வீட்டுப் பழக்கம். புழு தோல் உரிக்கிற நேரத்தை அவர்கள் ஜுரம் என்பார்கள். மூன்று ஜுரம் வரை ஒரு கூடை இலைக்கு அடங்கிக் கிடக்கிற புழு, நாலாவது ஜுரம் எழுந்த பிறகு ஏழு நாளில் தோட்டத்தையே தின்றுவிடும். அந்த ஏழு நாளுக்கு இலை இல்லையென்றால் அதுவரை போட்டதெல்லாம் வீண். பரீட்சை மாதம்தான் தன்னுடைய ஏழு நாள் என்று அவள் ஜூனிலேயே முடிவு செய்திருந்தாள். அக்டோபர் முடியும்போது டிரங்குப் பெட்டியில் நூற்று எழுபது ரூபாய் இருந்தது. இதை நோட்டின் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. எழுதினால் பெரியப்பா அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்.

நவம்பர் முதல் ஞாயிறு அவர் உறையை எடுக்கவில்லை. பச்சை விளிம்பு போட்ட தடித்த தாள் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு மரம் அச்சடித்திருந்தது. கீழே அவள் பெயர், பக்கத்தில் 1146.

"வாங்கிக்கோ அம்மிணி. கண்ணுல ஒத்திக்கோ. பதினெட்டு வயசுல மைசூர் ஜில்லாவுல எவளுக்குச் சொந்தமா ஒரு தேக்கு மரம் இருக்குது? இருபது வருஷம் கழிச்சு அம்பதாயிரம்!"

"பணமுங்க பெரியப்பா?"

"அதான் மரமாயிருச்சே. மரத்துக்கு ஆயிரத்தி ஐந்நூறு, பத்திரச் செலவு முந்நூறு. உன்ற மிச்சப் பணம் ஆயிரத்தி எண்ணூறு. கரெக்டா அமைஞ்சுது பாரு, இதுக்குப் பேருதான் யோகம்."

"மெஸ்ஸுக்குக் கட்டோணுமே."

"உங்கப்பன் அடுத்த கூடு போட்டுட்டான்ல? அனுப்புவான். மெஸ்ஸுல திங்கறது இன்னிக்கிச் செலவு. மரம் நாளைக்கு வரவு. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நம்ம சனம் மண்ணைக் கிண்டிக்கிட்டுக் கெடக்குது."

அவர் திருடர் இல்லை. அதுதான் சங்கடம். அவர் முழு மனதோடு நம்பினார். மரம் விற்கிற கம்பெனிக்கு ஏஜெண்டாகவும் சேர்ந்திருந்தார். அரசு ஊழியர் ஏஜெண்டாக இருக்கக்கூடாது என்பதால் ஏஜென்சி மாரியம்மா பெயரில் இருந்தது. தான் ஏஜெண்டு என்பது மாரியம்மாவுக்குப் பாதிதான் தெரியும்.

டிசம்பர் நடுவில் வீட்டிலிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. அம்மா மாதம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதியது. 'புழு நாலாவது ஜுரம் எந்திரிச்சு நல்லாத்தான் இருந்தது. மூணு நாள் விடாத தூறல். எல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பாப் போச்சு. குழியில போட்டு மூடியாச்சு. இனி மார்ச்சுலதான் கூடு. நீ விசனப்படாதே. உன் பணம் அண்ணன்கிட்ட பத்திரமா இருக்கறதுதான் எங்களுக்கு ஒரு தெம்பு. சோத்துக்குக் கணக்குப் பாக்காதேன்னு அம்மா சொல்லச் சொன்னா.'

அவள் அதை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தாள். பணம் மரமாகிவிட்டதென்று வீட்டுக்கு எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா அண்ணனை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அம்மாவின் தோடு ஹனூர் அடகுக் கடைக்குப் போகும், அல்லது "படிச்சது போதும், வந்துரு" என்று பதில் வரும். ஜனவரி பிறந்ததும் ஹாஸ்டல் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நவம்பர், டிசம்பர் மெஸ் பாக்கி இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்டாதவர்கள் பெயர் அடிக்கப்படும். அவளுக்கு அறுநூற்று நாற்பது. காலேஜில் பரீட்சைக் கட்டணம் இருநூற்று அறுபது, அதற்கும் அதே இருபத்தைந்து. கட்டாதவர்களுக்கு அந்த வருஷம் இல்லை. பெட்டியில் கிடந்த நூற்று எழுபது இப்போது எண்பத்தைந்தாகியிருந்தது.

பணம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஒரு சனிக்கிழமை நஞ்சன்கூடு பஸ் ஏறி, அங்கிருந்து வாய்க்கால் கரையோரமாக ஒன்றரை மணி நேரம் விசாரித்து நடந்தாள். பெரிய பலகை ஒன்று தெரிந்தது. பலகை மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது.

வேலிக்குள் அவரைச் செடிகளுக்கு நடுவே குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மல்லப்பன் என்று பெயர், காவல்காரர்.

"யாரு பேக்கம்மா, யாரு வேணும்?" என்றார்.

"என்ற மரத்தைப் பாக்க வந்தேன். நம்பர் ஆயிரத்தி நூத்தி நாப்பத்தாறு" என்று கன்னடத்தில் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. சுற்றிலும் கையைக் காட்டினார். முழங்கால் உயரத்தில், மூன்றடிக்கு ஒன்றாகக் கத்திரி நட்டதுபோலத் தேக்கு நாற்றுகள் நின்றன. பாதி மஞ்சளித்திருந்தன. வாய்க்கால் கசிவு வரப்புக்குள் தேங்கி, களிமண் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாற்றை லேசாகப் பிடித்தாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் கறுத்து வழவழவென்று இருந்தது.

"நம்பரெல்லாம் ஆபீஸ்ல இருக்குதாம்மா. செடிக்கு யாரு நம்பர் போட்டாங்க? இதுல எது வேணுமோ எடுத்துக்க."

"தண்ணி நிக்கிற மண்ணுல தேக்கு வைக்கலாமுங்களா?"

"நானும் இதையே கேட்டேன். டை கட்டின ஆளு ஒருத்தரு, உனக்கென்ன தெரியும்னாரு. எனக்குச் சம்பளம் வந்து நாலு மாசமாச்சு, அதுதான் தெரியும். அதான் நடுவுல அவரைச் செடி போட்டேன். நீ மரத்துக்காரி, உனக்கும் பங்கு உண்டு." ஒரு மடி நிறையக் காயைத் துண்டில் கட்டிக் கொடுத்தார். பனியில் நனைந்த அவரைக்காய், கை முழுக்க அந்த எண்ணெய் வாசனை.

அந்தக் காயை நேராகப் பெரியம்மாவிடம் கொண்டுபோனாள். ஊறவைத்த பருப்பை இருவரும் பிதுக்கிக்கொண்டிருந்தபோது மாணிக்கவாசகம் உள்ளே வந்தார்.

"அம்மிணி, சங்கராந்தி கழிஞ்ச ஞாயித்துக்கிழமை நம்ம ஆபீஸ்காரங்க நாலு பேர் வர்றாங்க. மரம் எடுக்கறதுக்கு. நீ பத்திரத்தோட வந்து உக்காரு. ஸ்டூடெண்ட் ஒருத்தி சொந்தமா மரம் வச்சிருக்கான்னா ஒரு இம்ப்ரெஷன்."

"நான் போய் மரத்தைப் பாத்துட்டு வந்தேனுங்க. தண்ணி நிக்கிது, வேரெல்லாம் அழுகி..."

"நீ பாத்தது இப்போ. நான் பாக்கறது இருபது வருஷம் கழிச்சு" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

மாரியம்மா பிதுக்கின பருப்பைப் பார்த்தபடி, "உங்க பெரியப்பன் சொன்னதை நம்புவாரு. பாத்ததை நம்ப மாட்டாரு" என்றாள்.

ஞாயிறு வந்தது. கூடத்தில் நாற்காலிகள். ஹெட் கிளார்க் பசவராஜ் கால்மேல் கால் போட்டிருந்தார். கணக்குப் பிரிவிலிருந்து இருவர். எல்லோர் முன்னாலும் பூர்த்தி செய்யாத விண்ணப்பங்கள், பசவராஜ் பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டார். நாற்காலிகளைச் சுமந்து வந்து போட்ட சித்தையன் வாசல் நிலையோரம் நின்றார். அவர் ஆபீஸ் பியூன், ராமாபுரத்துக்குப் பக்கத்து ஹனூர் ஆள். கூடத்தில் இன்னும் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

மாணிக்கவாசகம் அரைமணி நேரம் பேசினார். மழை, மண், மரம், மகள் கல்யாணம் எல்லாம் வந்தன. கடைசியில் ஜோதிமணியின் பக்கம் கையை நீட்டினார். "இதோ, உதாரணம்! சொல்லும்மா."

அவள் எழுந்து நின்று பத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"மரத்தைப் பத்திப் பெரியப்பா சொல்லிட்டாருங்க. நான் ஒண்ணும் சேத்துச் சொல்லலை. எனக்குப் புதன்கிழமைக்குள்ள பரீட்சைப் பணமும் மெஸ் பணமும் கட்டோணும். அதனால மரத்தை வித்துரலாம்னு இருக்கறேன். இங்கயே ஏலம் விட்டுரட்டுங்களா?"

"விக்கறதா!" மாணிக்கவாசகத்தின் குரல் உடைந்தது. "வெளையாடாதே அம்மிணி. இருபது வருஷம்..."

"ஏன் மாணிக்கம் சார், விக்க ஆகாதா?" என்றார் பசவராஜ். அவருக்குக் கண் மலர்ந்திருந்தது. "விக்க ஆகாத சாமானை நாங்க எதுக்கு எடுக்கறது? விடட்டும் சார், நோடோணா, பாப்போம்."

"தாராளமா விக்கலாம். எப்ப வேணா விக்கலாம். டிமாண்டுல்ல!" என்று மாணிக்கவாசகம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஜோதிமணி பத்து வயதிலிருந்து அப்பாவோடு பட்டுக்கூட்டு மார்க்கெட்டுக்குப் போனவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க மார்க்கெட் முறையிலதானுங்க விடுவேன். ஏலக் கேள்வி எவ்வளவு ஏறினாலும், குடுக்கறதும் குடுக்காததும் கூட்டுக்காரன் இஷ்டம். ஒப்பலைன்னா தட்டைத் தூக்கிட்டுப் போயிருவான். சம்மதமுங்களா?"

"சம்மதா சம்மதா. நூறு ரூபாய்" என்றார் பசவராஜ்.

"சார், இது முருங்கை இல்லை. தேக்கு!"

"தேக்குதான். இருபது வருஷத்துக்கு அப்புறம். ஈகா, இப்போ, குச்சிதானே?"

"ஐந்நூறு" என்றார் மாணிக்கவாசகம், வேறு வழியில்லாமல்.

"ஐந்நூத்தி அம்பது" என்றார் கணக்குக்காரர் ஒருவர், சும்மா இருக்கக்கூடாது என்று.

"எண்ணூறு!" என்று மாணிக்கவாசகமே மறுபடி ஏற்றினார்.

"எண்ணூறுங்க, எண்ணூறு. பசவராஜ் சார், மரத்தை அடிமாட்டு வெலைக்குக் கேக்கறீங்களே, பெரியப்பா மூஞ்சியப் பாருங்க." ஜோதிமணியின் குரலில் கொள்ளேகால் மார்க்கெட் முழுசாக வந்துவிட்டது.

"ஆயித்து, சரி, தொள்ளாயிரம். உனக்காகம்மா" என்றார் பசவராஜ்.

தொள்ளாயிரத்தோடு நிற்கும் மரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு வாங்குகிற கம்பெனியின் மானம் மாணிக்கவாசகத்தின் தோளில் இருந்தது. அவர் எழுந்தே விட்டார். "ஆயிரத்து நானூறு! கம்பெனி வெலைக்குக் கம்மி. இந்த வெலைக்கு விட்டா நான் முட்டாள்!"

பசவராஜ் கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டார். ஜோதிமணி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். மெஸ் பாக்கியும் பரீட்சைப் பணமும் சேர்ந்த தொள்ளாயிரம் போய் ஐந்நூறு நிற்கும். மார்ச் வரை தள்ளிவிடலாம்.

"ஆயிரத்தி ஐந்நூறுங்க."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சித்தையன் சட்டைக்குள் கைவிட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிய நோட்டுகளை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "பண்டிகை அட்வான்ஸும், ஊட்டுல கோழி வித்ததும். ஐயா சொன்னதைக் கேட்டு மகளுக்கு ஒரு மரம் எடுக்கலாம்னுதான் கொண்டாந்தேன். முந்நூறு கொறையுதேன்னு வாயத் தொறக்காம நின்னேன்."

"பாத்தீங்களா!" மாணிக்கவாசகத்துக்கு மேல்மூச்சு வாங்கியது. "ஒரு பியூனுக்கு இருக்கற தொலைநோக்கு! உக்காரு சித்தையா, உக்காரு. அம்மிணி, நீ ராசிக்காரி. குடுத்துரு, எழுது."

அந்த நூறு ரூபாய் ஒன்பது நாள் மெஸ். அந்த ஒன்பது நாளை அவள் தெளிவாகப் பார்த்தாள். சித்தையன் முதல்முறையாக அந்த வீட்டு நாற்காலியில், நுனியில், உட்கார்ந்திருந்தார். நோட்டுகளை முழங்காலில் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

"ஒப்பலைங்க" என்றாள் ஜோதிமணி.

"எது ஒப்பலை?"

"அந்தக் கேள்வி. பெரியப்பா கேள்விக்கே குடுத்தர்றேன். ஆயிரத்தி நானூறு."

பசவராஜ் அவளைப் பார்த்தார், சித்தையனின் கையைப் பார்த்தார், கடைசியாகத் தன் முன்னால் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கணக்குக்காரர்கள் இருவரும் அவர் செய்ததைச் செய்தார்கள்.

மாணிக்கவாசகம் மட்டும் உருகிப்போனார். "இதுக்குப் பேருதான் சார் ரத்த பாசம். நூறு ரூபா நஷ்டமானாலும் மரம் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாதுன்னு நெனைக்குது பாருங்க!" பீரோ சாவிக்காக உள்ளே போனார். உள்ளேயிருந்து மாரியம்மாவின் குரல் வெளியே கேட்கும்படியாகவே வந்தது.

"ஆயிரத்தி நானூறு எதுக்குங்க?"

"மரம் வாங்க."

"குளிக்கிற சோப்பு இந்த வீட்டுல ஆடம்பரம். மரம் என்ன கட்டம்? சரி, என்ற பேர்ல இதுவரைக்கும் எத்தனை மரம் வித்திருக்கீங்க? அந்த லிஸ்டையும் எடுங்க, நானும் பாக்கறேன்."

பணத்தை மாரியம்மாதான் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தாள். ஜோதிமணி கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தைத் தள்ளிவைத்தாள். விருந்தினர்களுக்கு அதற்குள் கோயில், மருந்துக்கடை, மாமியார் என்று ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

அவள் வெளியே வந்தபோது சித்தையன் கேட்டுக்கு வெளியே சைக்கிளின் ஸ்டாண்டை உதைத்துக்கொண்டிருந்தார். ஒரே உதையில் விழுகிற ஸ்டாண்டு அன்றைக்கு விழவில்லை.

"அண்ணா."

"ஏம்மா, பியூன் காசு காசில்லையா? நான் என்ன கள்ள நோட்டா வச்சிருந்தேன்? நாலு பேரு மத்தியில ஒப்பலைன்னுட்டியே. நம்ம ஊருப் புள்ளைன்னு நெனைச்சேன்."

"நம்ம ஊருப் புள்ளைங்கறதாலதானுங்க குடுக்கலை. நான் அந்த மரத்தைப் போய்ப் பாத்தேன். வாய்க்காத் தண்ணியில நிக்கிது. கையில புடிச்சா வேரோட வருது. காவக்காரருக்கே நாலு மாசமாச் சம்பளம் இல்லை."

சித்தையனின் கால் ஸ்டாண்டின் மேலேயே நின்றது. அவர் அந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே மாணிக்கவாசகம் யாரோ இன்னும் இருப்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே."

"பெரியப்பாகிட்ட முன்னாடியே சொன்னேன், கேக்கலை. நாலு பேரு முன்னால சொன்னா எங்கப்பா ஊருல தலை நிமிந்து நடக்க மாட்டாரு. அண்ணன்னா அவருக்கு உசுரு."

"அப்ப அவருகிட்ட மட்டும் ஏன் வித்தே?"

"அவரு மரம்தானுங்களே. அவருகிட்டயே குடுத்துட்டேன்."

சித்தையன் தலையை ஆட்டினார். சட்டைக்குள் கையை விட்டு நோட்டுக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நம்பிக்கை இல்லைன்னா நீங்களே ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்துருங்கண்ணா. வாய்க்கா ஓரமா நேராப் போனாப் பலகை தெரியும். பாத்துட்டு வந்து அப்புறமா என்மேல கோவிச்சுக்கங்க."

"நஞ்சன்கூட்டுக்கு எவ்வளவு டிக்கெட்டு?"

"போக நாலு. வர நாலு."

"எட்டு ரூபாயா?" ஸ்டாண்டை உதைத்தார், விழுந்தது. "எதுக்கு? நீ பாத்தாச்சில்ல."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியவர், பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, "நின்னுட்டே இருக்கறியே, வெயில் ஏறுது, நட" என்றார்.